லியூவைத் திட்ட ஒரு ஆள் தேவை

ஷார்ஜாவுக்கு நான் கொண்டுபோன பட்டியலில் நாற்பத்தொரு பொருட்கள் இருந்தன. மேடை விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பெட்டிகள், அவற்றுக்கான கேபிள்கள், டெஸ்டர், ஸ்பேனர் செட், கடைசியில் அம்மா திணித்த பருப்புப் பொடி வரை எல்லாவற்றுக்கும் எண் போட்டிருந்தேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் என்னை அலைய வைத்தது பட்டியலில் இல்லாத ஒன்று: ஒரு சீன நடிகரைத் திட்டுவதற்கு ஒரு தமிழர்.

நான் எலக்ட்ரிகல் படித்தவள். சென்னையில் மேடை விளக்குகள் வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றில் வேலை. பெய்ஜிங்கிலிருந்து சீனாவின் தேசிய நாடகக் குழு ஒன்று ஷார்ஜாவில் நாடகம் போட வருகிறது, விளக்குகள் நம்முடையவை, கூடவே போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வா என்றார்கள். துபாயில் மெட்ரோவுக்கான தூண்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். தங்கல் அங்கே சத்வா பகுதியில், இரண்டு பிலிப்பைன்ஸ் பெண்களோடு ஓர் அறையில். கீழே தையல் கடைகள். காலையில் இஸ்திரிப் பெட்டியின் நீராவி வாசனைதான் என் அலாரம்.

சனிக்கிழமை அரங்கத்துக்குப் போனதும் முதல் வேலை, மேடையில் இல்லை, முன்கூடத்தில். குழுவின் வரலாற்றைப் பெரிய பலகைகளில் புகைப்படங்களாக ஒட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். அவற்றுக்கு விளக்குப் போட வேண்டும். முதல் பலகையில் ஒரு கோவேறு கழுதை. அதன் முதுகில் சுருட்டிய திரைச்சீலை. போர்க்காலத்தில் கிராமம் கிராமமாக நடந்து, களத்துமேட்டில் நாடகம் போட்ட கூட்டமாகத்தான் இது தொடங்கியிருக்கிறது. மூன்றாவதில் தலைநகரத்தில் அவர்களுக்குக் கிடைத்த சொந்தக் கட்டடம். நான்காவதில், கையைக் கட்டிக்கொண்டு ஒத்திகை பார்க்கும் ரஷ்ய ஆசிரியர். ஐந்திலும் ஆறிலும் முகமெல்லாம் கரியோடு சிரிக்கும் ஆட்கள். சுரங்கத் தொழிலாளர்கள் என்று நினைத்தேன். 

"நடிகர்கள்" என்றாள் லிங். குழுவின் மொழிபெயர்ப்பாளர். என்னைவிட ஒன்றிரண்டு வயது சிறியவள், என்னோடு ஆங்கிலத்தில் பேசினாள். "சுரங்கத் தொழிலாளியாக நடிக்க வேண்டுமென்றால் முதலில் சுரங்கத்தில் போய் வாழ வேண்டும். மீனவனாக நடிக்க வேண்டுமென்றால் படகில். திரும்பி வந்து பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். நோட்டைப் படித்த பிறகுதான் ஒத்திகை. இது எங்கள் குழுவின் ஆரம்பகால வழக்கம். இன்றும் அப்படித்தான்."

சென்னை சபாக்களில் நான் எத்தனையோ நாடகங்களுக்கு விளக்குப் போட்டிருக்கிறேன். ஒரு சோபா, ஒரு டெலிபோன், வலது பக்கம் ஒரு கதவு. அதில் ஆபீஸ் பியூனாக வருபவர் காலையில் நிஜமாகவே வங்கியில் மேனேஜர். பியூன் எப்படி உட்காருவார் என்று யாரும் நோட்டுப் போட்டு எழுதி நான் பார்த்ததில்லை. ஜனங்கள் சிரிக்காமலும் இருந்ததில்லை.

பலகைகளை வரிசைப்படுத்தினேன். ஆறுக்கு அடுத்து எட்டு இருந்தது. ஏழு இல்லை. பெட்டிகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு லிங்கிடம் கேட்டேன். 

"அது ஏற்றப்படவில்லை" என்றாள். தொலைந்துவிட்டது என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஞாயிறன்று கெட்ட செய்தி. நாடகத்தின் முக்கிய நடிகருக்கு சிறுநீரகக் கல். விமானத்திலேயே வலி தொடங்கி, இப்போது ஆஸ்பத்திரியில். நாடகம் வெள்ளிக்கிழமை.

கதை எளியது. உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் தொழிலாளிகளைப் பற்றியது. அதில் மூத்த சாரக்காரர்தான் நாயகன். குழுவின் முறைப்படி ஒவ்வொரு பெரிய வேடத்துக்கும் இரண்டாவது நடிகர் ஒருவர் உண்டு. லியூ அந்த இரண்டாவது நடிகர். பதினான்கு வருடங்களாக இரண்டாவது. வசனம் எல்லாம் மனப்பாடம். ஆனால் முதலாமவர் ஒருநாளும் காய்ச்சலில் படுத்ததில்லை. லியூவின் கைகளைப் பார்த்தேன். பியானோ வாசிப்பவரின் கை மாதிரி இருந்தன. மேடையில் இதுவரை அவருக்குக் கிடைத்தவை டாக்டர், நம் ஊர்க் கணக்கில் தாசில்தார் மாதிரி ஓர் அதிகாரி, சுவரோரம் நிற்கும் கவிஞர்.

இயக்குநர் ஃபாங் என்ற அம்மா. அறுபதை நெருங்குபவர், குட்டை முடி, ஆண்கள் போடுகிற கைக்கடிகாரம். மேடையில் நின்று சொன்னதை லிங் எனக்கு மொழிபெயர்த்தாள். 

"புதன்கிழமை முழு ஒத்திகை பார்ப்பேன். லியூ அந்த ஆளாகத் தெரியவில்லை என்றால் இந்த நாடகம் இல்லை. பெட்டியில் இரண்டு பேர் நடிக்கும் சின்ன நாடகம் ஒன்று இருக்கிறது. அதைப் போடுவோம்." 

பிறகு லியூவைப் பார்த்து, "உனக்கு மூன்று நாள். போய் வாழ்ந்துவிட்டு வா."

எங்கே போவது? எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காரணம் என் தலைக்கு மேலே இருந்தது. அரங்கத்தின் நடுவில், என் விளக்குகளுக்காக இரும்புப் பைப்பில் சாரம் கட்டிக்கொண்டிருந்தவர் அறந்தாங்கிக்காரர், பெயர் செல்வம். கூட பழனி. காலையிலிருந்து இருவரோடும் நான் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன்.

"செல்வண்ணே, இந்த சார் உங்க ரூம்ல ரெண்டு நாள் தங்கணுமாம். நீங்க எப்படி இருக்கீங்கன்னு பாக்கணுமாம்."

"எதுக்கு மேடம்? போலீஸா?"

"இல்லண்ணே, நடிகர். உங்கள மாதிரி நடிக்கணுமாம்."

செல்வம் லியூவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பழனி இரண்டு படி இறங்கி வந்து, "மாப்ள, சினிமாவுல நம்மள எடுக்கப் போறாய்ங்க. ஒனக்கு இப்பிடி ஒரு கலருல ஆளு போட்ருக்காய்ங்க பாரு" என்றார்.

திங்கள் மாலை லியூவும் லிங்கும் நானும் முவைலாவுக்குப் போனோம், செல்வம் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் அங்கேதான். டாக்ஸி டிரைவர் பெஷாவர்க்காரர். கேம்ப் என்று சொன்னதும் மணல்வெளியை மூன்று முறை சுற்றினார். முவைலாவில் எல்லாமே கேம்ப்தான், எது என்று சொல்லுங்கள் என்று இந்தியில் கோபித்துக்கொண்டார். கடைசியில் செல்வமே சாலைக்கு ஓடி வந்து கையசைத்தார்.

கேம்ப் கேட்டுக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. அதற்காக எங்களைத் திருப்பி அனுப்புவார்களா? மதிலுக்கு வெளியே, கிரிக்கெட் ஆடுகிற வெட்டவெளியில் புதுப் பாய் விரித்திருந்தார்கள். அறையிலிருந்த எட்டுப் பேரும் குளித்து, பவுடர் போட்டு, ஊருக்குப் போகும்போது போடுவதற்கென்று மடித்து வைத்திருந்த சட்டைகளில் நின்றார்கள். பிரியாணி, கோழி வறுவல், முட்டை, அப்பளம், டின் அன்னாசி. லியூ தண்ணீர் எடுக்கக் கை நீட்டினால் மூன்று டம்ளர் வந்தது. அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தூக்கியதும் பழனி ஏறக்குறைய பறித்தார். 

"ஐயோ சார், நீங்க போய்த் தட்டத் தொடலாமா? மாஃபி, மாஃபி, கூடவே கூடாது!" 

நாங்கள் எழுந்த பிறகுதான் அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அன்று லியூவுக்குச் செல்வத்தின் கீழ்க்கட்டில். செல்வம் தரையில். மறுநாள் செல்வம் ஃபோர்மேனிடம் கெஞ்சி டியூட்டிக்கு லீவு போட்டுவிட்டார். விருந்தாளியை விட்டுவிட்டு எப்படிப் போவது? லியூவை பஸ் ஏற்றி பர் துபாய்க்குக் கூட்டிப்போய், அப்ரா என்கிற படகில் ஏற்றி, மீனா பஜார் காட்டி, கோயில் சந்தில் பூ வாங்கி, ஜூஸ் வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்தார். லியூ எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார்.

புதன்கிழமை ஒத்திகை. லியூ வசனத்தில் ஒரு சொல் தவறவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் நினைத்தேன்.  முடிந்ததும் ஃபாங் அம்மா கேட்டார்: "இந்த ஆள் ஏன் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறான்? ஏன் யாருக்கும் வேலை வைக்காமல் எல்லாவற்றையும் தானே எடுத்து நீட்டுகிறான்? வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறாரா?"

லியூவின் காது சிவந்தது. அவர் பார்த்ததைத்தான் நடித்திருந்தார். அவருக்குக் காட்டியதே அவ்வளவுதான்.

அன்று மாலை ஃபாங் அம்மாவையும் லிங்கையும் பர் துபாயில் ஒரு தமிழ் மெஸ்ஸுக்கு அழைத்துப் போனேன். ஆவியில் வெந்தது ஏதாவது வேண்டும் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இட்லியை விரலால் அழுத்திப் பார்த்தார். எங்கள் ஊரிலும் ஆவியில் வேகவைக்கும் ரொட்டி உண்டு, ஆனால் இது புளித்திருக்கிறது, இதில் புத்திசாலித்தனம் இருக்கிறது என்று சொல்லி ஆறு சாப்பிட்டார். போகும்போது நன்றாகத்தான் போனோம். திரும்பும்போது ஷார்ஜா சாலையில் அத்தனை வண்டிகளும் நின்றுவிட்டன. முன்னால் ஒரு விபத்து. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பல் குத்த ஆரம்பித்தார். அந்த நிற்கும் டாக்ஸியில்தான் ஏழாவது பலகையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

ஃபாங் அம்மாவின் பெற்றோர் இருவருமே குழுவின் நடிகர்கள். அவருக்குப் பதினாறு வயதில் ஆட்சியாளர்கள் அரங்கத்தைப் பூட்டினார்கள். நடிகர்கள் உழைக்கும் மக்களை மறந்துவிட்டார்கள், அவர்களிடமே போய்க் கற்கட்டும் என்று குழுவையே தெற்கே ஓர் ஏரிக்கரைப் பண்ணைக்கு அனுப்பினார்கள். வாத்து மேய்த்தார்கள், பன்றி வளர்த்தார்கள், நெல் நட்டார்கள். 

"சுரங்கத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து உழைப்பாளியை எங்களுக்குத் தெரியும் என்று சொன்னவர்கள் நாங்கள்" என்றார். "சரி, வருடக்கணக்கில் வாழுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சிலர் திரும்பவில்லை. அம்மா திரும்பவில்லை."

ஃபாங் அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார்.

"எங்களைத் தண்டிக்க அனுப்பினார்கள். கிராமத்துக்காரர்களோ எங்களை விருந்தாளியாக வைத்துக்கொண்டார்கள். ஆசிரியரே என்று கூப்பிட்டார்கள். கனமான கூடையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். முழுதாக ஒரு வருடம் அவர்கள் நடுவில் இருந்தேன், எனக்கு அவர்களைத் தெரியவே இல்லை. இரண்டாவது வருடம் நாற்றை ஆழமாக நட்டுவிட்டேன். பக்கத்து வரிசையில் இருந்த பெண் என் முதுகில் ஒன்று போட்டாள். கண்ணைப் பிடரியிலா வைத்திருக்கிறாய், இந்த வரிசை முழுக்கச் சாகும், எதைத் தின்போம் என்று கத்தினாள். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அன்றைக்குத்தான் நான் அந்த ஊரில் இருந்தேன்."

வண்டிகள் நகர்ந்தன. கொஞ்ச தூரம் போனதும் அவர் என் பக்கம் திரும்பினார். 

"நாளைக்குச் சாயங்காலம் மறுபடி ஒத்திகை பார்க்கிறேன். அதற்குள் லியூ திட்டு வாங்க வேண்டும். நிஜத் திட்டு. உன்னால் ஏற்பாடு செய்ய முடியுமா?"

என் பட்டியலில் அதை நாற்பத்திரண்டாவதாக எழுதினேன். என் அறைக்குத் திரும்பும் முன் முன்கூடத்தில் இன்னொரு வேலையும் செய்தேன். ஆறாவது பலகையும் எட்டாவதும் ஒட்டியிருந்ததைத் தள்ளி வைத்து, நடுவில் இருந்த வெறும் சுவருக்கு ஒரு விளக்கைப் பொருத்தினேன். மறுநாள் காலை ஃபாங் அம்மா அந்த வழியாக வந்தவர் அங்கே நின்றார். சுவரைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

வியாழக்கிழமை சாரத்தை ஒரு மீட்டர் முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது. மேலடுக்கைக் கழற்றி மறுபடி கட்ட வேண்டும். செல்வத்தைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"என்னது, திட்டணுமா?"

"ஆமாண்ணே. கூட வேல செய்றவனத் திட்டுற மாதிரி."

"தங்கச்சி, அந்த மனுசன் நம்ம கையால சாப்ட்ருக்காரு. அவரப் போயி எப்பிடித் திட்டுறது? வாய் வருமா?"

"நடிப்புக்குத்தாண்ணே."

"நமக்கு நடிக்கத் தெரியாதேம்மா."

முயன்று பார்த்தார், பாவம். லியூவின் எதிரில் போய் நின்று தொண்டையைச் செருமி, "சார்... நீங்க... சரியில்ல சார்" என்றார். பழனி சாரத்தில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். "எனக்கு விடு மாப்ள, நான் திட்டுறேன்" என்று வந்தவர், லியூவின் முகத்தைப் பார்த்ததும், "டீ சாப்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். லிங் எனக்கு உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள்.

"சரி, வேலையாவது செய்யட்டும்" என்றேன். லியூவுக்கு ஹெல்மெட், இடுப்பு பெல்ட் மாட்டினார்கள். முதல் அடுக்கில் செல்வத்தோடு ஏறினார். கீழே பழனி. செல்வம் கழற்றிக் கொடுக்கும் பைப்பை லியூ வாங்கிச் செங்குத்தாக இறக்க வேண்டும், பழனி பிடிப்பார். முதல் நாலு பைப் ஒழுங்காக இறங்கின. ஐந்தாவது கையில் இருக்கும்போது, பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஃபாங் அம்மா வந்து வரிசையில் உட்கார்ந்தார்.

லியூ திரும்பினார். வேண்டுமென்று செய்யவில்லை. இருக்கையில் ஆள் உட்கார்ந்தால் உடம்பு தானாக அந்தப் பக்கம் திரும்பும். பதினான்கு வருடப் பழக்கம், முதுகைப் பார்வையாளருக்குக் காட்டக் கூடாது. அவர் திரும்பியபோது பைப்பும் கூடத் திரும்பியது. அதன் கீழ்முனை பழனியின் காதுக்கு ஒரு விரல்கடை தள்ளி, காற்றில் விசுக்கென்று போனது.

"டேய்!"

அரங்கம் முழுக்க எதிரொலித்தது. செல்வம் ஒரே எட்டில் பலகையைத் தாண்டி லியூவின் பெல்ட்டைப் பிடித்திருந்தார்.

"எங்கடா பாத்துட்டு நிக்கிற? பைப்பக் கையில வச்சிக்கிட்டு அங்க யாருக்குடா மூஞ்சியக் காட்டுற? அவன் மண்ட பொளந்திருக்கும்டா! மூணு பிள்ளைக்காரன்டா அவன்! எரும மாடு மாதிரி நிக்கிற, அறிவிருக்கா? மேல ஏறுனா ஏறுன வேலையப் பாரு. இல்லையா, எறங்கிப் போ. யல்லா, கெளம்பு! கலாஸ், முடிஞ்சுது!"

சொல்லிக்கொண்டே லியூவின் கொக்கியை இரண்டு முறை வெடுக் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். மாட்டியிருந்தது. "ம். இந்தப் பக்கம் பாத்து நில்லு. புடி." அடுத்த பைப்பைக் கையில் திணித்தார். லியூ முதுகை இருக்கைகளுக்குக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றார். இன்னும் மூன்று பைப் இறங்கியது. அதன் பிறகுதான் செல்வத்துக்கு உறைத்தது.

"ஐயையோ. தங்கச்சி, சார்கிட்ட எதையும் சொல்லிராதீங்க."

ஆனால் லியூ ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார், முகமெல்லாம் வெளிச்சமாக: என்ன சொன்னார்? லிங் என்னைப் பார்த்தாள். நான் எண் போட்டே சொன்னேன். "ஒன்று, நீங்கள் எருமை. இரண்டு, உங்களுக்கு அறிவில்லை. மூன்று, அங்கே யாருக்கு முகத்தைக் காட்டுகிறீர்கள் என்று கேட்கிறார். நான்கு, பழனிக்கு மூன்று குழந்தைகள்."

ஃபாங் அம்மா இருக்கையிலிருந்தே சொன்னார்: "மூன்றாவதை நோட்டில் பெரிதாக எழுது. பதினான்கு வருடமாக நான் உனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது அதுதான்."

லியூ கீழே இறங்கினார். நேராகப் பழனியிடம் போய்த் தலை குனிந்து நின்றார். பழனி காதைத் தடவிக்கொண்டே, "பரவால்ல விடுங்க" என்றவர், ஒரு கணம் யோசித்துவிட்டு, "இனிமே பாத்துப் பண்ணு" என்றார்.

சாயங்கால ஒத்திகையில் ஃபாங் அம்மா நடுவில் நிறுத்தவே இல்லை. முடிந்ததும் என்னிடம் வந்து, சின்ன நாடகத்தின் விளக்குக் குறிப்புகளைத் தூக்கிப் போடலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை அரங்கத்தில் முக்கால்வாசி சீனர்கள். கடைசி வரிசையில் முவைலாக்காரர்கள் எட்டுப் பேர், அதே மடிப்புக் கலையாத சட்டைகளில். என் கன்ட்ரோல் மேஜை அவர்களுக்குப் பக்கத்தில். நாடகத்தின் நடுவே ஒரு காட்சி: புதிதாக வந்த தொழிலாளி உயரத்தில் கவனம் தப்புகிறான், மூத்தவர் அவனைக் காப்பாற்றித் திட்டுகிறார். அந்தக் காட்சி முழுக்க லியூ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குரல் மட்டும்தான் வந்தது. சீன மொழி எனக்கு ஒரு சொல் தெரியாது. ஆனால் கத்தி முடித்துவிட்டு, அந்த இளைஞனின் கொக்கியை இரண்டு முறை வெடுக் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தபோது, அரங்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"இப்பத்தான் ஒழுங்கா நிக்கிறான்" என்றார் செல்வம் என் பக்கத்தில். அவருடைய கை அவருடைய இடுப்பில், கொக்கி மாட்டும் இடத்தில் இருந்தது.

சனிக்கிழமை மாலை விடைபெற லியூ மறுபடி முவைலாவுக்குப் போக வேண்டும் என்றார். லிங்கும் நானும் கூடப் போனோம். அன்று டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள், எல்லோரும் கைலியில். பிரியாணி இல்லை. சோறு, கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய் பாட்டில். பழைய பாய்தான் விரித்திருந்தது. யாரும் நின்று பரிமாறவில்லை. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். சட்டி கைமாறிக்கொண்டே வந்தது. லியூவுக்குக் காரம் தாங்கவில்லை. கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டார். யாரும் ஜூஸ் வாங்க ஓடவில்லை.

முடித்துவிட்டு லியூ தட்டை வைத்து எழுந்தார். நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். செல்வம் பாயில் சாய்ந்து, பல்லிடுக்கில் முள் குத்தியிருந்ததை எடுத்துக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்:

"லியூ, அந்தத் தட்டெல்லாம் யாருடா கழுவுறது?"

நான் லிங்கிடம் சொன்னேன். லிங் லியூவிடம் சொன்னாள்.  லியூ பையைக் கீழே வைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தன் தட்டோடு செல்வத்தின் தட்டு, பழனியின் தட்டு, என் தட்டு என்று பதினொன்றையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு மதிலோரக் குழாய்க்குப் போனார். யாரும் தடுக்கவில்லை.

"சோப்பு அந்த டப்பாவுல இருக்கு" என்று பழனி கத்தினார்.